தேயிலை ஸ்டோர்ஸுக்குள் டீசல் எதற்கு?

கொழும்புக்கு அருகே பேலியகொடை, வத்தளைப் பக்கம் களஞ்சியம் வைத்திருக்கிறவர்களிடம் பற்றரி ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி அடுக்குகிற வண்டி) என்று வாயெடுத்தால் உடனே வரும் கேள்வி, "கரண்ட் போனா என்ன செய்யிறது?" 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது உண்மைதான். ஆனால் அதே வருடம் டீசலுக்கு நின்ற வரிசையை மட்டும் எப்படி மறந்தார்கள்? கரண்ட் அன்றைக்கே திரும்பி வந்தது. டீசல் பவுசர் எப்போது வரும் என்று ஷெட்காரருக்கே தெரியாது. காஸில் ஓடுகிற ஃபோர்க்லிஃப்ட்டும் உண்டு, ஆனால் அந்த வருடத்துக் காஸ் தட்டுப்பாட்டின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் உள்ளே கிடக்கிற சரக்கைப் பாருங்கள். தேயிலை என்றால் பேச்சே இல்லை, பற்றரிதான். பக்கத்தில் எந்த மணம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் சாமான் அது. கொழும்பு ஏலத்துக்கு முன் ருசி பார்க்கிறவர் உறிஞ்சித் துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தால் விலை விழுந்துவிடும். காஸ் வண்டியில் கரும்புகை இல்லை, சரி. ஆனால் அதிலும் காபன் மொனொக்சைட் வரும். மணமில்லாததால், தலை சுற்றும்வரை ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

பற்றரியிலும் மலிவு என்று ஈய அமிலப் பற்றரிக்குத்தான் ஓடுகிறார்கள். எட்டு மணித்தியால வேலை, எட்டு மணித்தியாலச் சார்ஜ், அப்புறம் எட்டு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். ஒரு ஷிப்ட் ஓடுகிற இடத்துக்கு அது தாராளம். ஆனால் தண்ணீர் ஊற்றுவதற்கென்று பொறுப்பான ஓர் ஆள் வேண்டும். சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னரே நிரப்பினால் அசிட் பொங்கி வழியும். பற்றரி முனையைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்து, அடியில் சிமெந்துத் தரை அரித்துக் கிடந்தால் அங்கே அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஜன்னலில்லாத மூலையில் சார்ஜரை வைக்கிற முதலாளிமாரை என்ன சொல்வது!

இரண்டு ஷிப்ட் ஓடுகிறதென்றால் விலை கூடினாலும் லிதியம்தான் என் கட்சி. தண்ணீர் வேலை இல்லை, தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலும் சார்ஜ் போடலாம். ஆனால் பழைய வண்டிக்கே லிதியம் மாட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் எடையைக் கேளுங்கள். பழைய பற்றரியின் பாரமும் சேர்ந்துதான் வண்டியைச் சமநிலையில் வைத்திருந்தது. குறைந்த பாரத்துக்கு இரும்பு சேர்க்காவிட்டால் பலட்டை (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை) தூக்கும்போது பின்சில்லு எழும்பும்.

வெளியே முற்றத்தில் கன்டெய்னர் இறக்க ஒரு டீசல் வண்டி நிற்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. களனி கங்கைக் கரையோரம் இருக்கிறவர்கள் மட்டும் சார்ஜரைத் தரையோடு பூட்டாதீர்கள். 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு ஆணியை அடியுங்கள்.