பாட் தாய்: வெந்நீரைத் தள்ளி வையுங்கள்

தாய்லாந்தின் வறுத்த அரிசி நூடுல்ஸான பாட் தாயை வீட்டில் செய்து பார்த்தவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றே: நூடுல்ஸ் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடுகிறது. உடனே சாஸ் சரியில்லை, கடையில் வாங்கிய பிராண்டு சரியில்லை என்று பேச்சு போகிறது. என்னைக் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெந்நீரைத்தான்.

கோதுமை நூடுல்ஸைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பழகிய கை, அரிசி நூடுல்ஸையும் அப்படியே போட்டுவிடுகிறது. கோதுமையில் இழையைப் பிடித்து நிறுத்த குளூட்டன் இருக்கிறது. அரிசியில் அது கிடையாது. பாட் தாய்க்கான தட்டை நூடுல்ஸ், அரிசி மாவுக் கரைசலை மெல்லிய ஏடாக ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, நறுக்கிச் செய்யப்படுவது. ஏற்கெனவே ஒருமுறை வெந்த பொருளை மறுபடியும் கொதிக்கவைத்து, அதன்பின் வாணலியிலும் போட்டுப் புரட்டினால் அது உடையாமல் என்ன செய்யும்? 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள நூடுல்ஸைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். மீதி வேக்காடு வாணலியில் நடக்கும். அப்போது அது இழுத்துக்கொள்வது வெறும் தண்ணீரை அல்லாமல் புளியும் இனிப்பும் உப்பும் சேர்ந்த சாற்றையாக இருக்கும்.

அடுத்த சிக்கல் அளவு. உணவகத்து அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வலுவானது. நான்கு பேருக்கானதை ஒரே வாணலியில் கொட்டினால் சூடு இறங்கி, எல்லாம் தன் நீரிலேயே வேகத் தொடங்கிவிடும். ஒரு தட்டுக்கு உலர்ந்த நூடுல்ஸ் 80 கிராம், ஒரு நேரத்தில் ஒரே தட்டு என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரும்பு வாணலியே இதற்கு உகந்தது; நான்ஸ்டிக் பூச்சு அவ்வளவு சூட்டுக்கானதன்று.

புளிக்குப் பதில் தக்காளி கெச்சப் ஊற்றும் செய்முறைகள் இணையத்தில் ஏராளம். புளி எளிதில் கிடைக்காத ஊர்களில் தோன்றிய சமாளிப்பு அது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே புளிப்பானை வைத்திருக்கும் நாம் அதை ஏன் பின்பற்ற வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. கறுத்த பழம்புளியைவிடப் புதுப்புளி நல்லது, நிறமும் புளிப்பும் அளவாக இருக்கும். கெட்டியான கரைசல் ஒன்றரை மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, பனைவெல்லம் ஒன்றரை மேசைக்கரண்டி என்பது ஒரு தட்டுக்கு ஏறக்குறைய சரியான கணக்கு. தாய்லாந்தின் பனைவெல்லம் வெளிர்நிறமானது. நம் கருப்பட்டியை மட்டும் போட்டால் அதன் மணமே தூக்கலாக நிற்கும் என்பதால், பாதி கருப்பட்டியும் பாதி வெள்ளைச் சர்க்கரையுமாகக் கலப்பேன். காய்ந்த இறாலுக்குச் சென்னாக்கூனி கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்படி மாற்றுவது அசலைக் கெடுப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நூடுல்ஸை வாணலியில் வறுக்கும் முறையே சீனக் குடியேறிகளோடு வந்தது. 1939-இல் சயாமின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிரதமர் பிபுன் சோங்கிராமின் ஆட்சியில், நூடுல்ஸ் உண்பதையும் விற்பதையும் அரசே ஊக்குவித்தது. பாட் தாய் தேசிய உணவாக நிலைபெற்றது அந்தக் காலத்து முயற்சிகளால்தான். அரசியல் வளர்த்துவிட்ட ஒரு பதார்த்தத்துக்குத் தொன்மை கற்பிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. சுவையின் கட்டுமானம் குலையாதிருந்தால் போதும்.

ஒன்றில் மட்டும் மாற்று எடுபடாது. சுண்டலுக்காக முளைகட்டும் குட்டைவால் பாசிப்பயறு இதற்கு ஆகாது; இருட்டில் மூடிவைத்து, நாளுக்குச் சிலமுறை நீர் விட்டு அலசி, நான்கைந்து நாள் வளர்த்த நீண்ட வெண்தண்டுதான் வேண்டும். அதன் மொறுமொறுப்பு இல்லாவிட்டால் தட்டு முழுவதும் ஒரே மென்மையாகிவிடும்.

சின்ன வெங்காயம், பூண்டு, டோஃபு, சென்னாக்கூனி வதங்கியதும் நூடுல்ஸையும் சாற்றையும் சேர்த்து, சாறு வற்றியபின் ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகியதும் புரட்டி, முளைப்பயறும் வெங்காயத்தாளும் போட்டு அடுப்பை அணைக்க வேண்டும். சைவர்கள் முட்டையையும் கூனியையும் விட்டு, ஃபிஷ் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் சிறிது உப்பும் சேர்க்கலாம். வேறு சுவைதான், ஆனால் நல்ல சுவை. மிளகாய்த்தூளை வாணலியில் போடாமல், பொடித்த வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றோடு மேசையில் வைத்துவிடுங்கள். தாய்லாந்தில் சமைக்காத வாழைப்பூவையும் பக்கத்தில் வைப்பார்கள். தட்டு தட்டாகச் செய்வதால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. முதல் தட்டு யாருக்கு வருகிறதோ அவர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும், சமைப்பவர் கடைசியில்தான்.