ஓடுபாதைக்கு முதலில் சமநிலம் வேண்டும்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். அதில் நம் மலையகத்து நுவரெலியாவுக்கு விமான நிலையம் கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. "யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் மளமளவென்று கட்டினானே, நம்மால் முடியாதா?" என்று அவர் கேட்டதற்கு விழுந்த கைதட்டல்தான் நெஞ்சில் குத்துகிறது.

கட்டினான். எங்கே கட்டினான்? கொக்கலை களப்போரம். இரத்மலானை. சீனன்குடா. புத்தளம், வவுனியா, மின்னேரியா, சிகிரியா. வடக்கே காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலி. கொழும்பில் இடம் போதாமல் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கினான், அது முன்பே சமமாகக் கிடந்த வெளி. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. 1944இல் நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். தளபதிகள் மலையில் இருந்தார்கள், குண்டுவீச்சு விமானங்கள் கீழேதான் நின்றன. மலை அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. கணக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எழுபது பேர் ஏறும் ஏடிஆர் 72 விமானம், முழுச் சுமையோடு கடல் மட்டத்தில் எழும்ப ஏறக்குறைய 1,300 மீட்டர் வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். இறக்கைக்குத் தூக்கு குறையும், எஞ்சினுக்கு வலு குறையும். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓடுபாதையை 7 சதவீதம் நீட்ட வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர். அதற்கே 44 சதவீதம் ஏறிவிடும். அந்த உயரத்தில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 3 பாகை, பகலில் இருப்பதோ 20ஐ ஒட்டி. ஒவ்வொரு பாகைக்கும் ஒரு சதவீதம் என்று இன்னும் 17. மொத்தம் 2,180 மீட்டர். ஓடுபாதை சரிந்திருந்தால், சரிவின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் மேலும் பத்து சதவீதம். உயரமும் வெப்பமும் சேர்ந்த திருத்தம் 35 சதவீதத்தைத் தாண்டினாலே இந்தச் சூத்திரம் போதாது, தனி ஆய்வு செய்ய வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பிற்பகலில் இறங்கும் மூடுபனியும் பிதுருதலாகலை மலைப் பக்கத்துக் காற்றும் இந்தக் கணக்கில் இல்லை.

"ஹட்டனுக்குப் பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல்விமானம் இறங்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது ஒரு சில உல்லாசப் பயணிகளுக்கான சின்ன விமானம். எடைதான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 1943 முதல் 45 வரை ஆஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து கொக்கலைக்குக் கட்டலினா கடல்விமானங்கள் 27 மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் பறந்துவந்தன. எரிபொருள் ஏற்றியபின் மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்.

விமான நிலையம் வேண்டாம் என்பதற்காக "நீ மலையகத்துக்கு எதிரி" என்று எழுதியவருக்குத்தான் இனி எழுதுகிறேன். அது வலித்தது.

ஓடுபாதை வெறும் தார்க் கோடு இல்லை. மூடுபனியில் கருவிகளை நம்பி இறங்கும் கருவி வழித் தரையிறக்கம் வேண்டுமானால் இருபுறமும் சேர்த்து 280 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத நிலப்பட்டை ஒதுக்க வேண்டும். அந்த 2,180 மீட்டரோடு இரு முனையிலும் தலா 60 மீட்டர் சேர்த்தால் 2,300 மீட்டர் நீளம், 280 மீட்டர் அகலம்: 64 ஹெக்டேர். நம் பாஷையில் 25,000 பேர்ச்சுக்கு மேல். வீட்டுக்கு ஏழு பேர்ச் என்று நமக்கு அளந்தார்களே, அந்தக் கணக்கில் 3,600 குடும்பங்களின் காணி. இன்றும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பத்துக்குப் பத்து அறையில் படுப்பவர்களுக்கு "மட்டமான நிலம் இல்லை" என்று சொல்கிறவர்கள், விமானத்துக்கு எங்கிருந்து எடுப்பார்கள்? மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் எடுப்பார்கள். நிரப்பிய மண்ணுக்குள் மழைநீர் இறங்கினால் என்ன ஆகும்? 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மூடி மண் எப்படி இறங்கியது என்பதைப் பார்த்த பிறகுமா?

பலாலியைக் காட்டினால் "அது யாழ்ப்பாணத்தாருக்கு, 2019இல் வந்தது" என்கிறார்கள். 2019இல் திறந்தது சர்வதேச நிலையம். ஓடுபாதை யுத்தகாலத்தது. 1945இல் நான்கு எஞ்சின் லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து பறந்தன. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய விமான சேவையான எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது இதே பலாலி, வழியாகத்தான் மதராஸ் போனது. பிற்காலத்தில் அந்தத் தளத்தைச் சுற்றிக் காணி இழந்தவர்களின் வேதனை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம்தான் கிட்ட என்பதும் உண்மை, அந்தப் பாதையைச் சீராக்கக் கேளுங்கள். ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப் போனவர்கள் யார்? நம் சனம். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தகரப்பெட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறி, தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்கள் யார்? நம் சனம். 2025இலிருந்து பலாலிக்கும் திருச்சிக்கும் விமானம் இருக்கிறது. அங்கே ஒரு சாவு விழுந்தால் கிளிநொச்சியில் இருக்கிற தங்கச்சி போய் முகம் பார்க்கலாம். அதை "நமக்கென்ன" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வேண்டும் என்றால் ஒரேயொரு வேலை செய்யுங்கள். ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் நில அளவை வரைபடத்தை விரித்து 2,300 மீட்டருக்கு நேர்கோடு போடுங்கள். அது எந்தத் தோட்டத்தின் எந்த டிவிஷன் லயத்துக்கு மேலே போகிறது என்று பெயர் சொல்லி, அந்த லயத்து வாசலில் நின்று அடுத்த காணொளியை எடுங்கள்.