அம்மாவுக்கு மாதம் 12 நாள்தான்

"ஒரு நாள்கூட விடாமல் 21 நாள் செய்யுங்கள், பழக்கமாகிவிடும்" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. போன வாரம் மட்டும் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த 21-ஐ நம்பி ஒரு வருஷத்தைக் கோட்டைவிட்டவன் நான். அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு வீடு பாம்பன். வேலை ராமேஸ்வரத்தில், ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது. குரூப் 4 தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. 200 கேள்வி, அதில் பாதி தமிழ். பள்ளிப் பாடப்புத்தகங்களை ஒழுங்காகப் படித்தாலே கரை கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். சரி என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். காலை 4 மணி அலாரம். போனில் ஒரு ஆப், படித்த நாளுக்கெல்லாம் பச்சைப் புள்ளி வைக்கும். 17 புள்ளி சேர்ந்தது. 18-ஆம் நாள் ஐஸ் உடைக்கும் மெஷின் பழுதாகி, வீடு திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆப்பைத் திறந்தால் பழையபடி 0. அந்தச் சுழியைப் பார்த்த எரிச்சலில் மூன்று மாதம் புத்தகத்தைத் தொடவே இல்லை. அப்புறம் மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அறுந்தது. இப்படியே ஒரு வருஷம்.

இதே வீட்டில்தான் அம்மாவும் இருக்கிறார். கடலில் பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை பாசி. தினமும் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு மொத்தம் 12 நாள். பாசி திரும்ப வளர வேண்டும் என்று இந்தப் பெண்களே பேசிப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. காற்று ஓங்கினால் அந்த 12-லும் குறையும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். பழைய சேலையைக் கிழித்த துணிப் பட்டைகள் பத்து, விரலுக்கு ஒன்றாக. பாறை கிழிக்காமல் இருக்கச் சுற்றிக்கொள்வது. அதற்குப் பக்கத்தில் தண்ணிக்குள் பார்க்கப் போடும் கண்ணாடி, ரப்பர் செருப்பு, வலைப்பை. எல்லாம் வாசற்படிக்கு உள்ளே ஒரே வரிசையில் இருக்கும். காலையில் எழுந்து யோசிக்க எதுவும் கிடையாது. கை தானாக எடுத்துக்கொள்ளும்.

"நடுவுல பத்து நாள் விட்டுப்போனா மறுபடி போறதுக்குச் சலிப்பா இருக்காதாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எது விட்டுப்போச்சு? நாள் வந்தா போறேன், வரலைன்னா வீட்ல கிடக்கேன். கடல் எங்கடா தம்பி ஓடிப்போகுது?" என்றார்.

பேச்சு அவ்வளவுதான், வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

இந்த 21 நாள் கதைக்கு மூலம் எது என்று தேடினேன். 1960-இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் செய்த முகத்துக்கு நோயாளிகள் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று எழுதி வைத்தார். அதுதான் வாய்மாறி வாய்மாறி இப்படி ஆகிவிட்டது. பிற்பாடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பழக்கம் கையில் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் கணக்கு 18 முதல் 254 வரை போனது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லையாம். மெஷின் பழுதான அன்று இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ராமேஸ்வரத்தில் வேலை பார்த்துக்கொண்டு விடாமுயற்சி பற்றி எழுதிவிட்டு கலாமைச் சொல்லாவிட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். அவர் பேப்பர் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அவருடைய அப்பா. விடியுமுன் தொழுகை, தொழுகை முடிந்ததும் நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடை, தோளில் ஒரு டஜன் தேங்காயோடு திரும்பிய பிறகுதான் சாப்பாடு. அறுபது வயதைத் தாண்டியும் இப்படித்தானாம். அதில் வைராக்கியத்தைவிடக் கோர்வைதான் என் கண்ணுக்குப் படுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகக் காலை இழுக்கிறது.

நான் அட்டவணையைக் கிழித்துவிட்டேன். எங்கள் ஊர் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அந்த மூன்று நாளும் ஐஸ் ஏற்றவே பொழுது சரியாக இருக்கும், படிப்பு கிடையாது, குற்ற உணர்ச்சியும் கிடையாது. மற்ற நாலு நாள், ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் 40 நிமிஷம். நோட்டும் பேனாவும் சாப்பிடும் பாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாது, கம்பெனியில் ஈ ஓட்டுவோம். படித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வருஷத்திலேயே குறைவாகப் படித்தது அந்த இரண்டு மாதம்தான். நேரம் கொட்டிக் கிடந்தது. எல்லா நாளும் ஒன்றுபோல இருந்ததில் படிக்கிற நாள் எது, சும்மா இருக்கிற நாள் எது என்றே தெரியாமல் போய்விட்டது. இதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

போன தேர்வில் கிடைக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை தமிழ்ப் புத்தகங்களை முடித்துவிட்டேன். முன்பெல்லாம் ஆறாம் வகுப்பு முதல் பருவத்தையே நாலு தடவை ஆரம்பித்தவன்.

இன்று வெள்ளி. தட்டைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், 40 நிமிஷத்தில் பாதி இதற்கே போய்விட்டது. நாளைக்குப் படகு நாள். அம்மா சேலை கிழிக்கும் சத்தம் கேட்கிறது, அமாவாசை நெருங்குகிறதுபோல.