ஒன்றரை மணி நேரம்தான் கேட்டேன், தர ஆளில்லை

சென்ற மார்கழியில், எங்கள் தெருவில் காலை ஐந்தே காலுக்குக் கோலம் போடக் குனிந்த எழுபத்தொரு வயது அம்மாவின் கழுத்திலிருந்து, பைக்கில் வந்த இருவர் தாலிச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு நான் ஓடிச் சென்றபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கோலமாவுக் கிண்ணம் சாக்கடை ஓரம் கவிழ்ந்து கிடந்தது. அறுந்த சங்கிலியின் சாண் நீளத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி, "இது போதும், இது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்றும் என்னைத் தூங்கவிடவில்லை.

பெங்களூரு அல்சூர் ஏரிக்குச் சிறிது தொலைவில் உள்ள குறுக்குத் தெரு எங்களுடையது. மொத்தம் அறுபத்திரண்டு வீடுகள். தமிழர் பாதி, கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோர் மீதி. அந்த அம்மாவின் வீட்டுக்கு எதிரே இருக்கும் தெருவிளக்கு இரண்டு மாதமாக எரியவில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். புகார் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. பறிப்பு நடந்த மறுநாள் நான் புகார் பதிந்தேன். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் வேலையை அறுபது நாள் இருட்டிலேயே விட்டிருக்கிறோம்!

கேமரா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பதினொரு வீடுகளில். காவலர்கள் வந்து பதிவைக் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவை வீட்டுக்காரரின் காரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன. மூலைவீட்டுக் கேமரா ஐந்து மாதமாக எதையும் பதிவு செய்யவே இல்லை. காவலாளியைப் பற்றிச் சொல்லவே வேதனையாக இருக்கிறது. பகல் முழுவதும் வேறோர் இடத்தில் வேலை செய்துவிட்டு, இரவில் எங்கள் தெருவில் விசில் ஊதிக்கொண்டு நடக்கும் அறுபது வயதைக் கடந்த தருமபுரிக்காரர் அவர். வீட்டுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, அந்த முதியவரின் தலையில் அறுபத்திரண்டு குடும்பங்களின் பாதுகாப்பையும் ஏற்றி வைத்திருக்கிறோம். அதிலும் அந்த முந்நூறை மூன்று முறை கேட்டு வாங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நாமே ஒரு கண்காணிப்புக் குழு அமைப்போம் என்று முன்வந்தேன். காவல் நிலையத்துக்குச் சென்று, எங்கள் பகுதிக்கு ரோந்து வரும் பீட் காவலரிடம் பேசினேன். குழு அமைந்தால் கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். நான் கேட்டது மிகச் சிறியது. ஒரு நாளைக்கு இரண்டு வீட்டிலிருந்து ஒவ்வொருவராக, காலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை டார்ச்சும் விசிலுமாகத் தெருவில் நடக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறுபத்திரண்டு வீட்டுக்கும் மாதத்தில் ஒரே ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். யாரையும் துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அவசர உதவி எண் 112-ஐ அழைத்தால் போதும். தனியே இருக்கும் முதியவர்கள் யார், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பது நமக்குள் தெரிந்திருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம். எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் தொண்ணூற்று நான்கு பேர். பெரும்பாலோர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் ஏழு பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். வாடகைக்கு இருப்பவர் இது சொந்த வீட்டுக்காரர்களின் வேலை என்றார். சொந்த வீட்டுக்காரர் எதற்கு வீண் வம்பு என்றார். இரவில் இரண்டு மணி வரை விழித்திருந்து அலைபேசி பார்க்கும் இளைஞர்களுக்கு விடியற்காலையில் எழுந்திருக்க முடியாதாம்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்று வாரத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போர்வை விற்க வந்த ஒரு வடநாட்டுப் பையனை, "வீடுகளை நோட்டம் விடுகிறான்" என்று யாரோ வாட்ஸப் குழுவில் படத்தோடு பதிவிட, பத்து நிமிடத்தில் நாற்பது பேர் தெருவில் கூடிவிட்டார்கள். கூட்டத்துக்கு வர நேரமில்லாதவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்! அவனுடைய மூட்டையைப் பிரித்துப் போர்வைகளைச் சேற்றில் எறிந்திருந்தார்கள். அலைபேசியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. கைகூப்பிக்கொண்டே ஆதார் அட்டையை நீட்டிய அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான் 112-ஐ அழைத்து, காவல்துறையின் ஹொய்சளா ரோந்து வண்டி வரும் வரை அவன் முன்னால் நின்றுகொண்டேன். இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருப்பவன், ஒரு குற்றமும் செய்யாதவன் என்று காவலர்கள் விசாரித்துச் சொன்ன பிறகு, ஒருவர்கூட அந்தப் போர்வைகளை எடுத்துக் கொடுக்கக் குனியவில்லை.

2018 மே மாதம் இதே நகரத்தில், சாமராஜப்பேட்டையில், பிள்ளை பிடிப்பவன் என்று வாட்ஸப்பில் பரவிய வதந்தியை நம்பி, பிழைக்க வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அது நமக்கு மறந்துவிட்டதா? பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரைப் பிடிக்கப் பொதுமக்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒரு அடி அடிக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி மரண தண்டனை வரை உண்டு.

நம் தமிழர்களைத்தான் கேட்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இதே ஊரில் நம்மைப் பார்த்தும் "எங்கிருந்து வந்தவன்" என்று கேட்டார்கள். என் அப்பா வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்து வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வாசற்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர். அவர் கையில் ஆயுதம் இல்லை. எங்கள் பெயர் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அண்டை வீட்டைக் காப்பது என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கிரிக்கெட் மட்டையோடு ஓடிவந்தவர்கள் யாரிடமிருந்து கற்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று முறைப் பட்டியலில் இருப்பவை ஆறே பெயர்கள். நாளைக் காலை என் முறை. உடன் வர வேண்டியவர் வரமுடியாது என்று சற்றுமுன் செய்தி அனுப்பிவிட்டார். அவருக்குப் பதிலாக நான் வருகிறேன், எனக்கொரு டார்ச் மட்டும் கொடுங்கள் என்று சொல்லியிருப்பவர், சங்கிலியைப் பறிகொடுத்த அந்த அம்மா.