'தகுதி' பார்க்கிறார்களாம்

ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். "1931இல் கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கெல்லாம் வோட்டைக் கொடுத்தான் வெள்ளைக்காரன், அன்றைக்கே இலங்கை கெட்டது" என்று அங்கே பேசிய ஐயா ஒருவர் அருளினார். திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். நான் மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன், அந்த எரிச்சல்தான் இன்னும் போகவில்லை.

வோட்டுக்குத் தகுதி பார்க்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1931 வோட்டைச் சிபாரிசு செய்தது பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு. அது 1927 கடைசியில் வந்து இறங்கியபோது, சொத்து, வருமானம், படிப்பு, அப்புறம் ஆணாக வேறு பிறந்திருக்க வேண்டும் என்று எல்லாம் பார்த்து நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வோட்டு. அந்த நான்கு பேரின் தலைவர்கள் போய் என்ன கேட்டார்கள்? எங்களுக்கு ஆட்சியைக் கொடு, எல்லோருக்கும் வோட்டைக் கொடுத்துவிடாதே! இலங்கைத் தேசிய காங்கிரசும் அப்படித்தான், தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதனும் அப்படித்தான். உனக்கு ஆளத் தகுதியில்லை என்று துரை சொன்னால் ரோஷம் வருகிறது, அதையே தன் வீட்டு வேலைக்காரியைப் பார்த்துச் சொல்ல நாக்கு கூசவில்லை. 1932இல் கொழும்பு வடக்கில் ஜெயித்த நேசம் சரவணமுத்து ஒரு பெண், அவருக்குப் பழைய சட்டப்படி வோட்டே கிடையாது, ஐயா.

உடனே "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா" என்று வருவார்கள். இல்லை. ஆளுநர் கையில் அதிகாரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் கொடுத்தான், தெரியும். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்ததே என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்கிறார். ஆமாம், வடக்கில் 4 ஆசனம் 1934 வரை காலியாகக் கிடந்தது. ஆனால் அவர்கள் சுயராஜ்யம் தரவில்லையே என்று பகிஷ்கரித்தார்கள், படிக்காதவனுக்கு வோட்டு எதற்கு என்று அல்ல. இனத்துக்கு இத்தனை என்று ஒதுக்கிய ஆசனத்தை எடுத்ததால் எண்ணிக்கையில் சிறியவன் நசுங்கினான் என்பீர்கள். சரி, அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பாதுகாப்பைக் கேட்டிருக்க வேண்டும், அடுத்தவன் வோட்டைப் பிடுங்கச் சொல்வதா?

பிடுங்கினால் எப்படியிருக்கும் என்று எங்களைக் கேளுங்கள். இந்தியாவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு 1931லேயே ஆயிரம் நிபந்தனை. அதையெல்லாம் தாண்டி 1947இல் என் அப்பாயி, காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்க மலை ஏறுகிறவள், வோட்டுப் போட்டாள். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது, 1949இல் வோட்டும் போனது. அப்போதும் 'தகுதி'தான், பெயர் மட்டும் வேறு. லயத்துக் காம்பராவில், அந்தத் தோட்ட வரிசை வீட்டு அறையில், பிஸ்கட் டின்னுக்குள் பழைய துண்டுச் சீட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், யாராவது வந்து கேட்பார்கள் என்று.

அடுத்த வோட்டைப் போடும்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. நான்தான் கூட்டிப்போனேன். அவளுக்கும் கையெழுத்து வராது, ஐயா. கொழுந்துக் கறை ஏறி வெடித்துக் கறுத்த விரல், மை எங்கே பூசினார்கள் என்றே தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கையால் கம்பியைப் பிடிக்கமாட்டேன் என்றுவிட்டாள், அழிந்துவிடுமாம். இறங்கும் வரைக்கும் நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.