14 புள்ளி லீடிலும் அந்தப் பையனை ஏன் இறக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை நடந்த பாஸ்கெட்பால் ஃபைனலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள். கப்போடு போட்டோ, பட்டாசு, பேனர், எல்லாம் பார்த்தேன். நம்ம டீம் ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘ஊர் ஜெயிச்சா இவனுக்கு வயிறு எரியுது’ என்று ஆரம்பித்துவிடுவீர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாலாவது குவாட்டரில் மூன்று நிமிடம் பாக்கி, நாம் 14 புள்ளி லீடு. அப்போதுகூட அந்தப் பையனை ஏன் உள்ளே விடவில்லை?

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். வலங்கைமான் பக்கத்துப் பையன், பிளஸ் டூ, ஆறடி நாலு அங்குலம். லீக் மேட்ச்களில் அவன் ரீபவுண்ட் எடுத்ததற்கு எழுந்து நின்று விசில் அடித்தவர்கள்தான் நீங்கள் எல்லாரும். பந்து ரிங்கில் பட்டு எந்தப் பக்கம் வரும் என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவன் அங்கே போய் நின்றிருப்பான். அதை எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. செமிஃபைனலில் ஒரு தப்பான பாஸ், எதிர் டீம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி, கூடைக்குப் பக்கத்திலேயே போய் லே-அப் போட்டது, உடனே இவனை வெளியே எடுத்துவிட்டார்கள். அதோடு சரி. ஃபைனலில் 40 நிமிடமும் பெஞ்ச்.

நான் பெஞ்சுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மேட்ச் ஆரம்பிக்கும் முன் அவன் விரல்களில் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தான், பல்லால் கடித்துக் கிழித்து, மடிப்பு விழாமல் தடவித் தடவி. நம்ம சிமெண்ட் கோர்ட்டில் ஆடினால் முதல் குவாட்டரிலேயே பந்தின் அழுக்கில் அந்த டேப் பழுப்பாகிவிடும். பரிசளிப்புக்கு வரிசையில் நின்றபோதும் அவன் டேப் வெள்ளையாகவே இருந்தது.

‘கப் வேணுமா, சின்னப் பையனுக்குப் பயிற்சி வேணுமா’ என்று நேற்று ஓர் அண்ணன் கேட்டார். அண்ணே, கப்தான் வேணும், ஒத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் செமிஃபைனலோடு திரும்பி வந்த டீம், ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், ஊரில் பேர் நிற்க வேண்டும், எல்லாம் புரிகிறது. சென்னையிலிருந்து மூன்று கெஸ்ட் பிளேயரை வரவழைத்ததில்கூட எனக்குக் குறையில்லை. பெரியகுளம், கோயம்புத்தூர் என்று பெரிய பெரிய டோர்னமென்ட்டில் ஆடிப் பழகியவர்கள், அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவே அழகு. ஆனால் உழவன் எக்ஸ்பிரஸில் வந்தார்கள், அதிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த போட்டிக்கு நம்மிடம் இருக்கப்போவது யார்? 14 புள்ளி லீடில்கூட இவனை நம்ப முடியாதென்றால் எப்போதுதான் நம்புவீர்கள்?

கேட்டால் ‘ரிஸ்க்’ என்கிறீர்கள். அமெரிக்காவின் என்பிஏ லீக், 1997 பிளே-ஆஃப் சுற்று, யூட்டாவோடு லேக்கர்ஸ் ஆடிய ஐந்தாவது ஆட்டம். லேக்கர்ஸ் ஷாக் ஓ’நீல் மாதிரி பெரிய ஸ்டார் இருந்த டீம், அவர்களுக்கும் உடனே ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கோபி பிரையன்ட்டுக்கு அப்போது 18 வயசு, முதல் வருடம். கோச் டெல் ஹாரிஸ் கடைசி ஷாட்டை அவனை நம்பித்தான் கொடுத்தார். ரிங்கில்கூடப் படவில்லை. ஓவர்டைமிலும் ஆட விட்டார், இன்னும் மூன்று அதே மாதிரி போனது. மேட்ச் போச்சு, சீரிஸும் போச்சு. மூன்றே வருடம், 2000-ல் அதே பையனோடு லேக்கர்ஸ் சாம்பியன். அந்த முதல் வருடத்தில் அவனுக்குச் சராசரியாக ஒரு மேட்ச்சுக்குக் கிடைத்தது 15 நிமிடம். நான் கேட்பது மூன்று நிமிடம், அதுவும் ஜெயித்து முடித்த மேட்ச்சில்.

இன்னொரு என்பிஏ டீமான டெட்ராய்ட்டைப் பார் என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தான். 2003 டிராஃப்டில், அதாவது புதுப் பையன்களை டீம்கள் வரிசையாக எடுக்கும் தேர்வில், இரண்டாவதாக எடுத்த டார்கோ மிலிசிச்சைப் பெஞ்சில் வைத்துவிட்டு 2004-ல் கப் அடித்தார்களே என்று. உண்மைதான், அடித்தார்கள். ஆனால் அவனுக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் போஷ், டுவைன் வேட் எல்லாம் எந்த உயரத்துக்குப் போனார்கள், இவன் எங்கே போனான்? 2006-ல் டெட்ராய்ட்டே அவனை ஒர்லாண்டோவுக்குக் கொடுத்துவிட்டது. ‘அவனுக்குத் திறமை இல்லப்பா’ என்பீர்கள். ஆடவே விடாத பையனுக்குத் திறமை இருந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்தது? கிளீவ்லாண்ட் டீம் விக்கின்ஸ் என்ற புதுப் பையனைக் கொடுத்து அனுபவமுள்ள கெவின் லவ்வை வாங்கி 2016-ல் ஜெயித்த கதையையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அங்கே லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஒரு பெரிய ஸ்டார் இருந்தார். அதோடு, விக்கின்ஸ் மினசோட்டாவுக்குப் போய் ஆடினார், முதல் வருடமே சிறந்த புதுமுகம் என்று விருதும் வாங்கினார். யாரும் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை.

பையனுக்கு டிஃபென்ஸ் வராது, ஃபவுல் வாங்குவான் என்று ஒரு பேச்சு. வாங்கட்டுமே, அஞ்சாவது ஃபவுலில்தானே வெளியே அனுப்புவார்கள்.

‘இது என்பிஏ இல்லை’ என்பவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இல்லைதான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும். இங்கே பிளஸ் டூ முடிக்கும் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட், அப்புறம் ஐஓபி, ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே மாதிரி ஒரு டீமில் வேலை, அவ்வளவுதான் வழி. காலேஜ் கோச்சுகள் திருச்சியிலிருந்து வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தது ஃபைனலுக்குத்தான், லீக் மேட்ச்சுக்கு இல்லை. அவர்கள் கண்ணில் படாமலே அவன் வீட்டுக்குப் போனான்.

‘உன் பழைய கடுப்பை இங்கே கொட்டாதே’ என்று சொல்லப்போகிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆமாம், எனக்கும் இது நடந்தது. தஞ்சாவூரில் ஒரு ஃபைனல், நான் அவன் வயசு. அப்பா நீடாமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து, தோளில் துண்டோடு வந்து கேலரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் டிராக் சூட்டைக் கழற்றவே இல்லை. திரும்பி வரும் வழியில் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் மேட்ச் எதற்கும் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அன்றைக்கும் எங்கள் டீம்தான் ஜெயித்தது. ஸ்கோர் என்ன என்று இன்றைக்கு அந்த டீமில் ஆடிய ஒருத்தனுக்கும் ஞாபகமில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

டெல்டாவிலிருந்து பிளேயர் வருவதில்லை என்று ஒவ்வொரு பரிசளிப்பிலும் மைக்கைப் பிடித்து வருத்தப்படுகிறீர்கள். எப்படி வருவான்? விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு நாற்றங்காலில் போய் என்ன தேடுகிறீர்கள்? மூன்று பேருக்கு டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு, கையில் ஒரு கவர். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, ஆனால் அதில் கடைக்காரர்கள் கொடுத்த காசும் இருக்கிறது. அந்தக் காசில் உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு நல்ல ஷூ வந்ததா? இவன் போட்டிருந்த ஷூவின் அடிப்பாகம் ஓரத்தில் பிளந்து ஒட்டியிருந்தது. ஃபைனலுக்கு அவனைத் தயாராக வரச் சொன்னதும் நீங்கள்தான்.

அதனால் கமிட்டிக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த போட்டிக்கு வசூலுக்கு வரும்போது கோச்சையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லிஸ்ட்டில் பையன் பேர் இருந்தால் மட்டும் போதாது, ஒரு மேட்ச்சுக்கு எட்டு நிமிடமாவது, ஃபைனலாக இருந்தாலும், அவன் ஆடுவான் என்று அவர் என்னிடம் வாய்திறந்து சொல்லட்டும். போன தடவையைவிடக் கூடவே தருகிறேன். ஷூ நான் வாங்கித் தருகிறேன், அது தனி. முடியாது என்றால் ரசீதுப் புத்தகத்தோடு என் கடைப் படி ஏற வேண்டாம்.