555 நோட்டும் தீர்க்கதரிசியும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டைத் தெரியாமல் இருக்காது. மளிகைக்கடைக் கடனை எழுதி வைக்கிற அதே குட்டி நோட்டு. எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) கிறிஸ்தவச் சபையின் உபதேசியார் காணிக்கைக் கணக்கை அதில்தான் எழுதுவார். ஆராதனை முடிந்ததும் பையை மேசையில் கொட்டுவார். பால்வெட்டுக்குப் போகும் ஒரு அக்காவும் ஒரு மாமாவும் எண்ணுவார்கள். பதினோரு வெள்ளி நாற்பது காசு என்றாலும் மூன்று பேர் கையெழுத்து. நோட்டு வாசல் பக்கம் ஆணியில் தொங்கும். யாரும் எடுத்துப் பார்த்ததாக நினைவில்லை. பிரசங்கம் சுமார்தான், பாதிப் பேர் தூங்கிவிடுவோம்.

பிறகு தோட்டம் கைமாறியது, தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். கடைவீட்டு மாடியில் ஏசி போட்ட சபை. நான் கீபோர்டு. ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர்த் தீர்க்கதரிசி ஒருவர் வந்தார். அம்மாவைப் பேர் சொல்லி எழுப்பினார். முழங்கால் வலி என்றார், இளைய மகனுக்கு வேலையில்லை என்றார். அம்மா அழுதுவிட்டார். அடுத்த வாரமே இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் எட்டாயிரம் வெள்ளியை, விதைத்தால் பெருகித் திரும்பும் என்கிற ‘விதைக் காணிக்கை’ என்று கொடுத்தார்.

வாசலில் பேரும் வேண்டுதலும் எழுதி வாங்கிய ஜெபச் சீட்டுகளை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அம்மாவின் சீட்டும் அதில் இருந்தது. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

1986-இல் அமெரிக்காவில் பீட்டர் போப்போஃப் என்ற பிரசங்கியாரின் குட்டு உடைந்தது இதே விஷயத்தில்தான். கூட்டத்தில் இருப்பவரின் பேர், விலாசம், நோய் எல்லாம் சொல்வார். ஜேம்ஸ் ரேண்டி என்ற மந்திரவித்தைக்காரர் ரேடியோ ஸ்கேனரோடு ஆள் வைத்துப் பிடித்தார்: மனைவி சொல்லச் சொல்ல, இவர் காதில் செருகிய கருவியில் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தக் கருவியும் வேண்டாம். நாம் முகநூலில் போடுவதே போதும்.

அதனால் யார் என்ன சொன்னார், யாருக்குச் சுகமானது என்பதை நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை. காணிக்கைக் கணக்கைக் கேட்டால் ஊழியக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறேன். கேட்டவுடன் ஒரு வசனம் வரும்: “நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே.” பைபிளில் அந்த 105-ஆம் சங்கீதத்தை முழுசாகப் படியுங்கள். அது நாடோடிகளாய்த் திரிந்த முற்பிதாக்களை ஒடுக்காதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. கணக்குக் கேட்கிற விசுவாசிக்கு அல்ல. அதே பைபிளில் தீர்க்கதரிசி சாமுவேல் கிழவராகி ஜனங்கள் முன் நின்று, “நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?” என்று தானாகவே கேட்டார். ராஜாக்களையே அபிஷேகம் பண்ணியவர் அவர்!

ஆதிச்சபையின் திதகே என்ற பழைய ஒழுங்குநூல் இன்னும் கறார். ஊர் ஊராக வருகிற ஊழியக்காரன் ஒரு நாள் தங்கலாம், அவசியமென்றால் இரண்டு. மூன்றாவது நாளும் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ, கள்ளத்தீர்க்கதரிசி. எங்கள் ஆள் ஈப்போ ஓட்டலில் ஐந்து நாள் இருந்தார்.

பெரிய சபை, ஆடிட்டர் உண்டு என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் பாஸ்டர் கோங் ஹீ உட்பட ஆறு பேர் சபைப் பண மோசடி வழக்கில் 2015-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சுமார் 5 கோடி சிங்கப்பூர் வெள்ளி விவகாரம்.

கணக்கு சரியாக இருந்தும் ஆள் சரியில்லாமல் போகலாம், அதுவும் தெரியும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, சபைக் கண்காணி (சபையை நடத்துகிறவர்) புறம்பானவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறார். ஆகவே பாஸ்டரைப் பற்றிச் சபைக்காரரிடம் விசாரிக்காதீர்கள். அவர் தன் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க விடும் பட்டறையில், வீட்டு வாடகை வாங்குகிற சீனரிடம் கேளுங்கள். எங்கள் உபதேசியாரைப் பற்றிக் கள்ளுக்கடைக்காரர்கூட மரியாதையாகத்தான் பேசுவார்.

அடுத்த மாதக் கன்வென்ஷனுக்கு இப்போதே பேனர் கட்டிவிட்டார்கள். அதிலிருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் போட்டேன்: “ஐயா, காணிக்கையை யார் எண்ணுவார்கள்? கணக்கை எங்கே பார்க்கலாம்?” நீலக் குறி விழுந்து இன்றோடு ஒன்பது நாள்.